ஜெப நோட்டு கடன் நோட்டு அல்ல!

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை தாலுகாவில் உள்ள ஊர் கல்லாவி. அந்த வட்டாரத்தில் பிள்ளைகளை ஓசூர் கம்பெனிக்கும், பெங்களூர்க் கட்டட வேலைக்கும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய்மார் பலர். மகனுக்கு இரவு ஷிப்ட் என்றால் தாய்க்கும் இரவு ஷிப்ட்தான். தூக்கம் வருமா?

அப்படிப்பட்ட ஒரு கிறிஸ்தவத் தாயை நினைத்துப் பாருங்கள். பேரன் பாதி எழுதி மிச்சம் வைத்த நோட்டை எடுக்கிறாள். விளக்கடியில் உட்காருகிறாள். தேதி போடுகிறாள். "ஆண்டவரே, பெரியவனுக்கு வேலை நிரந்தரம் ஆக வேண்டும்" என்று எழுதுகிறாள். முதியோர் வகுப்பில் கற்ற எழுத்து அது. வளைந்து நெளிந்துதான் இருக்கும். இருக்கட்டுமே!

இதுதான் ஜெப நோட்டு. மிக நல்ல பழக்கம். ஆனால் இதில் ஒரு பள்ளமும் இருக்கிறது. தெரியாமல் காலை வைத்தால் விழ வேண்டியதுதான்.

ஆண்டவருக்குத் தெரியாதா?

"மனதில் இருப்பது ஆண்டவருக்குத் தெரியாதா? எழுதிக் காட்ட வேண்டுமா?" என்று சிலர் கேட்பார்கள். அவருக்குத் தெரியும். மறந்து போவது நாம்தான். போன ஆடி மாதம் எதற்காக அழுதோம் என்று இன்றைக்குக் கேட்டால் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

நோட்டு சொல்லும். சில சமயம் கேட்காததையும் சொல்லும். "குழுக் கடன் அடைய வேண்டும்" என்று தை மாதம் எழுதியிருக்கிறது. சித்திரையில் மறுபடியும் அதே வரி. ஆவணியிலும் அதே வரி. மூன்று கடனும் எதற்காக வாங்கியவை? புரட்டிப் பார்த்தால் ஒன்று வைத்தியத்துக்கு, மற்ற இரண்டும் சீர் செய்வதற்கு என்று தெரியவரும். அப்போது ஜெபமும் மாறும். கடன் தீர வேண்டும் என்று கேட்டவள், அடுத்த சீருக்குக் கடன் வாங்காத தைரியம் வேண்டும் என்று கேட்பாள்.

பிரிஸ்டல் நகரத்து நோட்டு

ஜெபத்தை எழுதி வைத்தவர்களில் உலகப் புகழ் பெற்றவர் ஜார்ஜ் முல்லர். 1805-ல் இன்றைய ஜெர்மனியில் பிறந்தவர். ஹாலே நகரத்தில் படித்தவர். ஹாலே என்றால் தமிழர்களுக்கு அந்நிய ஊர் அல்ல. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு எழுதிய கடிதங்களை அச்சிட்டுப் பரப்பிய ஊர் அது. தமிழ் அச்செழுத்துக்களை வார்த்து அனுப்பிய ஊரும் அதுவே.

முல்லர் பிறகு இங்கிலாந்துக்குப் போனார். 1836-ல் பிரிஸ்டல் நகரில் அனாதைப் பிள்ளைகளுக்கு ஒரு வீடு திறந்தார். யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடவுளிடம் மட்டுமே கேட்பது என்று உறுதி வைத்துக்கொண்டார். 1898-ல் அவர் இறப்பதற்குள் அந்த இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள் 10,000-க்கும் மேல். முதுமையில் இந்தியாவுக்கும் வந்து பிரசங்கம் செய்தார்.

கேட்டதையும் கிடைத்ததையும் அவர் எழுதி வைத்தார். கஜானாவில் காசு இல்லாத நாட்களையும் ஒளிக்காமல் எழுதினார். எல்லாரும் "கேட்டார், கிடைத்தது" என்ற கதையையே சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு.

1844 நவம்பரில் ஐந்து பேர் மனந்திரும்ப வேண்டும் என்று முல்லர் ஜெபிக்கத் தொடங்கினார். ஒரு நாள் கூட விடவில்லை. உடம்புக்கு ஆகாத நாளிலும், கப்பலில் போகும்போதும் ஜெபித்தார். முதல் ஆள் மனந்திரும்ப ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அடுத்தவருக்கு இன்னும் ஐந்து ஆண்டு. மூன்றாமவருக்கு மேலும் ஆறு ஆண்டு. மீதி இரண்டு பேர்? முப்பத்தாறு ஆண்டு கழித்தும் அவர்கள் மாறவில்லை. முல்லரும் விடவில்லை!

அந்த இரண்டு பெயர்களை அவர் அடித்துவிடவில்லை. பள்ளம் என்று சொன்னது இங்கேதான் இருக்கிறது.

வரவு வைக்காத பக்கம்

மளிகைக் கடைக் கடன் நோட்டில் பணம் வந்ததும் கோடு போடுவார்கள். வராவிட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார். ஜெப நோட்டையும் சிலர் அப்படியே நடத்துகிறார்கள். கிடைத்ததற்கு ஒரு "டிக்". கிடைக்காத பக்கத்தைப் பார்த்ததும் மனம் கசந்து நோட்டையே பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். "என் விசுவாசம் போதவில்லை" என்று தன்னையே நொந்துகொள்பவர்களும் உண்டு. பிள்ளையை நோய்க்குப் பறிகொடுத்த தாய் அப்படி நினைத்தால் அது எவ்வளவு பெரிய கொடுமை!

சங்கீதப் புத்தகத்தில் 150 சங்கீதங்கள். அவற்றில் முறையீடு எத்தனை, கண்ணீர் எத்தனை! 88-ஆம் சங்கீதம் ஆறுதலே இல்லாமல் இருட்டில் முடிகிறது. அதைக் கிழித்துப் போடாமல் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, ஒரு தாய் தன் நோட்டில் "ஏன் ஆண்டவரே?" என்று எழுதிவிட்டு மேலே ஒன்றும் எழுதாமல் விட்டால் என்ன தப்பு? அந்தப் பக்கமும் ஜெபம்தான்.

இன்னொன்று. "மருமகளுக்கு நல்ல புத்தி கொடும்" என்று ஒரு வரி பல நோட்டுகளில் இருக்கும். அதற்குக் கீழே "எனக்கும்" என்று ஒரு சொல் சேர்த்தால் வீட்டில் பாதிச் சண்டை தீரும்.

எழுதிவிட்டோம் என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்றால் நோட்டை மூடிவிட்டு முதலில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முல்லரும் ஜெபத்தோடு நிற்கவில்லை. கடைசிக் காசு வரை கணக்கு எழுதி, ஆண்டுதோறும் அறிக்கை அச்சிட்டார்.

யார் படிக்கலாம்?

வீட்டில் மற்றவர்கள் அந்த நோட்டைத் திறக்கக் கூடாது. கணவனும் கூடாது, பிள்ளைகளும் கூடாது. யாராவது படிப்பார்கள் என்ற பயம் வந்துவிட்டால் நோட்டில் உண்மை வராது. சபையில் எழுந்து வாசித்துக் காட்டவும் அது ஏற்றதல்ல. பக்கத்து வீட்டுப் பெண்ணின் துயரமும் அதில் இருக்குமே.

நோட்டு நிறைந்துவிட்டால் எடைக்குப் போட வேண்டாம். பொட்டலம் மடித்த தாளில் ஒரு தாயின் கண்ணீர் இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேரும். பெட்டியின் அடியில் வைக்கலாம். மனம் ஒப்பினால் அடுப்பில் போட்டுவிடலாம். கிடைக்காதவற்றை மட்டும் புது நோட்டின் முதல் பக்கத்தில், பழைய தேதியோடு எழுதிக்கொள்ள வேண்டும்.