ஆலோசனையும் ஆணையும்

ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி கல்வியுலகுக்கு ஆலோசகராக எழுந்தருளும் காட்சி எமக்குப் புதிதன்று. "ஒழுக்கம் வேண்டும், தலைமைத்துவம் வேண்டும், முப்பது ஆண்டு படையில் இருந்தவரன்றி வேறு யார் இவற்றைப் படிப்பிப்பார்?" என்று ஆசிரியர்களே பேசக் கேட்டிருக்கிறோம். மயிலிட்டியில் ஆசிரியத் தொழில் செய்யும் எம்மால் இப்பேச்சைக் கேட்டும் வாளாவிருக்க முடியவில்லை.

ஆலோசனை என்பது யாது? கேட்பவன் மறுக்கக் கூடியதே ஆலோசனை. மறுக்க முடியாதது எதுவோ, அது ஆணை. படையில் ஒருவர் பதவி உயர உயர, அவர் சொல்லை மறுப்போர் தொகை குறைந்துகொண்டே போகிறது. அதுவே அத்தொழிலின் இலக்கணம். பல்கலைக்கழகத்தின் இலக்கணமோ நேர்மாறானது. அங்கே பேராசிரியரின் முடிவை நேற்றுச் சேர்ந்த மாணவன் எழுந்து நின்று மறுக்கலாம். மறுக்காவிட்டால்தான் கல்வி கெட்டது.

மேஜர் ஜெனரல் கமால் குணரத்தினவின் தொழில் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 2009 இல், இறுதி யுத்தத்தின்போது, 53 ஆவது படைப்பிரிவின் தளபதி. 2016 இல் ஓய்வு; அதே ஆண்டில் நந்திக்கடல் வரையிலான யுத்தம் பற்றி ஒரு நூல். 2019 நவம்பரில் பாதுகாப்புச் செயலாளர். 2020 ஜூனிலோ கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளை முகாமை செய்வதற்கான ஜனாதிபதிச் செயலணியின் தலைவர்! மண்ணை அடுக்கடுக்காக அகழ்ந்து, கிடைத்த ஓட்டுத்துண்டைக் காலத்தோடு பொருத்திப் பார்த்து, நேற்றைய முடிவை இன்றைய சான்றுக்காகக் கைவிடும் துறை தொல்லியல். அடைய வேண்டிய இடத்தை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொண்டு புறப்படுவது படை நடவடிக்கைக்கு இன்றியமையாதது. அகழ்வாய்வுக்கு அது நஞ்சு. தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்தின் பழமையை ஆராயவும், அதற்கென எவ்வளவு நிலம் ஒதுக்கப்பட வேண்டுமெனச் சொல்லவும் அமைத்த அச்செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. அறிஞர் சிலர் இருந்தனர்தாம். ஆயின் தலைமை நாற்காலியில் பாதுகாப்புச் செயலாளர் வீற்றிருக்கையில், "ஐயா, இச்சான்று உங்கள் முடிவுக்கு எதிரானது" என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

இது ஒரு தனி மனிதரின் கதையுமன்று. 2011 மே மாதத்தில் பல்கலைக்கழகம் புகவிருந்த மாணவர்களை மூன்று கிழமைத் தலைமைத்துவப் பயிற்சிக்கென இராணுவ முகாம்களுக்கு அனுப்பினார்கள். அடுத்துவந்த ஆண்டுகளில் பாடசாலை அதிபர்களை ரன்தம்பேக்கு அழைத்துப் பயிற்றிக் கேணல் பட்டமும் சூட்டினார்கள். அதிபருக்குக் கேணல் பட்டம் எதற்கு? பிள்ளைகளை எந்த எதிரிக்கு எதிராக அவர் அணிவகுத்து நடத்தப் போகிறார்?

பின்னர் வந்தது கொத்தலாவலைப் பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலம். 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பயிலிளவல் அதிகாரிகளுக்காக இயங்கிய அந்நிறுவனம், காலப்போக்கில் கட்டணம் செலுத்தும் குடிசார் மாணவரையும் சேர்த்துக்கொண்டது. அதனைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் எல்லைக்கு அப்பால், படைத்துறை மேலோங்கிய சபையொன்றின் கீழ் நிலைநிறுத்துவதே சட்டமூலத்தின் நோக்கம். ஆசிரியரும் மாணவரும் எதிர்த்தனர். 2021 ஜூலை 8 ஆம் நாள் பாராளுமன்றத்துக்கு அண்மையில் எதிர்ப்புத் தெரிவித்தோரைப் பொலிசார் பிடித்தனர்; நீதிமன்றம் பிணை வழங்கியது; வழங்கிய பின்னரும் இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் உட்படப் பலரைத் தனிமைப்படுத்தல் என்ற பெயரில் பஸ்ஸில் ஏற்றி, முல்லைத்தீவு கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்குக் கொண்டுபோயினர். 2017 இல் அவ்வூர் மக்கள் தமது நிலத்தை மீட்கத் தெருவோரத்தில் இரவுபகலாகக் கிடந்தது அந்த முகாமின் வாயிலில்தான். சட்டமூலத்துக்கு 'வேண்டாம்' என்ற ஆசிரியனுக்குக் கிடைத்த மறுமொழி முகாம். எமது வாதத்துக்கு இதைவிட வேறு சான்று நாம் தேட வேண்டியதில்லை. சட்டமூலம் நிறைவேறவில்லை என்பது வேறு விடயம். அது தானாக நின்றுவிடவில்லை.

"இராணுவத்தான் மனிதனல்லனா? ஓய்வுக்குப் பின் அவன் படிக்கவும் படிப்பிக்கவும் கூடாதா?" என்று நண்பர் ஒருவர் எம்மைக் கேட்டார். கூடும். எம்மைப் போல் விண்ணப்பம் எழுதி, தகைமை காட்டி, நேர்முகத் தேர்வுக்கு வந்து வரிசையில் நிற்கட்டும், வரவேற்போம். ஆனால் நண்பர் சொல்லும் இராணுவத்தான் எவன்? ஏழைக் கிராமத்திலிருந்து வயிற்றுப்பாட்டுக்குப் படையில் சேர்ந்த சிப்பாய்க்கு ஓய்வின்பின் கிடைப்பது காவலாளி வேலை அல்லது முச்சக்கர வண்டி. ஆலோசகர் நாற்காலி அவனுக்கில்லை. ஜெனரல் ஓய்வுபெற்று நூல் வெளியிட்ட அதே 2016 இல், அங்கவீனமுற்ற சிப்பாய்கள் ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பில் தெருவுக்கு வந்தபோது அவர்களை எதிர்கொண்டது பொலிஸ் படை. யுத்தம் தந்த 'அனுபவம்' இருவருக்கும் பொதுதானே!

அமெரிக்காவையும் சிலர் எடுத்துக்காட்டுவர். ஆம், ஜெனரல் ஐசன்ஹோவர் 1948 இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். அவரே 1961 இல் ஜனாதிபதி பதவியை விட்டு நீங்கும்போது, படைத்துறையும் ஆயுத உற்பத்தியும் சேர்ந்து பெறும் செல்வாக்கைக் குறித்தும், அரசாங்க ஒப்பந்தப் பணம் அறிஞனின் தேடலை விழுங்கிவிடக்கூடும் என்பதைக் குறித்தும் எச்சரித்துப் போனார். அந்தப் பாதியை இங்குள்ளோர் எடுத்துச் சொல்வதில்லை.

எமது ஊருக்கு வருவோம். 1990 ஜூனில் மயிலிட்டி மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினர். 2017 ஜூலை 3 ஆம் நாள் துறைமுகத்தோடு 54 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. வெளியேறிய ஆண்டில் பிறந்த பிள்ளை தன் ஊர் மண்ணை முதன்முதலாக மிதித்தபோது அதற்கு வயது 27. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறை நலன்புரி முகாம்களிலும் இரவல் கொட்டில்களிலும் படித்தது. அருகே பலாலியில் ஆசிரியர் கலாசாலை ஒன்று இருந்தது. வடபுலத்தின் எத்தனையோ ஆசிரியர்களை உருவாக்கிய இடம். அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது. ஆசிரியனை ஆக்கிய நிலத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டோர், ஆசிரியனுக்குக் கல்வி பற்றி ஆலோசனை கூறவும் வருகின்றனர்.

எம் வகுப்பில் வரலாற்றுப் பாடத்தின்போது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், எங்கட வளவு இன்னும் கம்பிவேலிக்கு அங்கால்தான் இருக்கு. அதையும் தொல்பொருள் என்று எழுதலாமா?" வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. எழுது பிள்ளை, எழுதி எம்மிடம் கொண்டுவா என்றோம்.