முட்டுக்கட்டையும் ஓர் அறமே

தேரோடும் வீதிகளில் வடம் பிடிப்போர் பலர். சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடுவோர் ஒரு சிலரே. எனினும் தேர் திரும்புவதும் நிற்பதும் அச்சிலர் கையில்தான் உள்ளன. இத்துணைப் பயனுடைய பொருளின் பெயரை, நற்செயலுக்கு இடையூறு செய்வோரைக் குறிக்கும் வசைச்சொல்லாக நம் வழக்கு மாற்றிவிட்டது. ஓட்டத்தைப் போற்றி நிறுத்தத்தை இகழும் மனப்பாங்கு இச்சொல்லாட்சியில் ஒளிந்துள்ளது எனலாம். அம்மனப்பாங்கே எஃப்.சி. என நாம் வழங்கும் வாகனத் தகுதிச் சான்றையும் வெறுஞ்சடங்காக்கி வருகிறது.

தோல் தொழிலால் வாழும் நமக்கு ஒரு வரலாற்றுச் செய்தி உவப்பளிக்கும். 1888 ஆகஸ்டில் செருமனியின் பெர்த்தா பென்ஸ் அம்மையார், கணவர் உருவாக்கிய மோட்டார் வண்டியில் தம் இரு மைந்தருடன் மேன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சென்றார். மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணம் என அது போற்றப்படுகிறது. வழியில் பிரேக்கின் மரக்கட்டைகள் தேய்ந்தபோது, காலணி தைக்கும் தொழிலாளி ஒருவரைக் கொண்டு அவற்றின்மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் செய்தார். மோட்டார் ஊர்தியின் பாதுகாப்புக்கு முதலில் கைகொடுத்தோருள் ஒருவர் செருப்புத் தைப்பவரே என்பதை ஆம்பூர் மக்கள் பெருமையுடன் நினைவுகொள்ளலாம்.

இன்று இராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை ஈரத்தோல் ஏற்றிய லாரிகளும், காலணித் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை அழைத்துச் செல்லும் வேன்களும் ஓயாது ஓடுகின்றன. சவ்வாது மலையிலும், பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா செல்லும் மலைப்பாதையிலும் ஜீப்புகள் ஏறி இறங்குகின்றன. வாடகை, சரக்கு வண்டிகள் எட்டாண்டுவரை ஈராண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும் என்பது விதி. சொந்த ஜீப்புக்கோ பதிவான நாளிலிருந்து பதினைந்து ஆண்டுகள்வரை அத்தகைய ஆய்வே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாட்டு நலப்பணித் திட்ட முகாமிற்காக மாணவர் சிலருடன் வாடகை ஜீப் ஒன்றில் சவ்வாது மலைக்குச் சென்றோம். இறங்கும்போது ஒரு வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. ஓட்டுநர் கியரைக் குறைத்து, மலைப்பக்க மண்மேட்டில் வண்டியைச் சாய்த்து நிறுத்தினார். இறையருளால் எவருக்கும் காயமில்லை. நடுங்கும் குரலில் அவர், "போன மாசந்தான் சார் எஃப்.சி. எடுத்தேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சான்று வண்டியிலேயே இருந்தது. சோதனை நடந்ததோ சமதளத்தில், வெற்று வண்டியில், ஊர்ந்து செல்லும் வேகத்தில்! அன்று நம் பொறுப்பில் பிறர் பெற்ற பிள்ளைகள் இருந்தனர் என்ற நினைவு இன்றும் நம்மை உறுத்துகிறது.

நாற்சக்கர இயக்க வண்டிகளில் இச்சிக்கல் இன்னும் நுட்பமானது. பிரேக்கை அளக்கும் உருளைக் கருவியின்மேல் ஓர் அச்சின் சக்கரங்களை ஏற்றுவர். மின்விசையால் உருளைகள் சக்கரங்களை மெல்லச் சுழற்றும். பிரேக்கை மிதித்தவுடன் சக்கரம் எதிர்க்கும் விசையை, இடம் வலம் எனத் தனித்தனியே கருவி காட்டும். ஆனால் நான்கு சக்கரங்களும் தண்டுகளால் பிணைந்திருக்கும் வண்டியில், முன்சக்கரத்தைச் சுழற்றினால் தரையில் நிற்கும் பின்சக்கரமும் சுழல முயலும். வண்டி உருளையைவிட்டுத் துள்ளக்கூடும், பல்லிணைப்பு பழுதாகக்கூடும், கிடைக்கும் அளவும் மெய்யாகாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. நெம்புகோலால் இணைப்பை விடுவிக்கக்கூடிய ஜீப்பை இருசக்கர இயக்கத்திற்கு மாற்றி உருளையில் ஏற்றலாம். இணைப்பு நிலையானதாயின், இடச்சக்கரத்தை முன்னோக்கியும் வலச்சக்கரத்தைப் பின்னோக்கியும் சுழற்றும் சிறப்புக் கருவி உண்டு. அப்போது நடுத்தண்டு சுழலாது. அன்றேல் தட்டுக் கருவியிலோ, வேகக்குறைவை அளக்கும் மானியுடன் சாலையிலோ சோதிக்கலாம். மானி வண்டி முழுமையின் தடுப்பாற்றலைக் கூறுமேயன்றி எந்தச் சக்கரம் சோர்ந்தது எனக் கூறாது. ஆகவே சக்கரங்களையும் தனியே பார்த்தல் வேண்டும்.

"சிறு முதலாளிகளை ஏன் வாட்ட வேண்டும்?" என்று கேட்பார் உளர். அவர்தம் இடர்ப்பாட்டை நாம் அறிவோம். ஆயினும் இயற்கையின் கணக்கு எவருக்கும் சலுகை தருவதில்லை. வேகம் இருமடங்கானால், ஒரே தடுப்பு விசையில் வண்டி நிற்கத் தேவையான தொலைவு நான்கு மடங்காகும். நீண்ட இறக்கத்தில் சூடேறிய பிரேக் மேலும் சோரும்.

தாளில் உள்ள சான்றுக்கும் களத்தில் உள்ள உண்மைக்கும் இடையிலான தூரத்தை நம் வட்டாரம் முன்பே கண்டதுண்டு. பாலாற்று மாசு பற்றிய வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தீங்கு நேருமுன் காத்தலே கடமை என வலியுறுத்தியது. தண்ணீருக்குப் பொருந்தும் அந்நெறி தார்ச்சாலைக்கும் பொருந்தாதோ?

தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகளை மைய அரசு 2021இல் வெளியிட்டது. அந்நிலையங்கள் பெருகுவதை வரவேற்கிறோம். ஆனால் நாற்சக்கர இயக்க வண்டி எம்முறையில் சோதிக்கப்பட்டது என்பதைச் சான்றிலேயே குறித்தல் வேண்டும். உரிமையாளர் தம் வண்டியின் இயக்கமுறையை மறையாது கூற வேண்டும். வேன் அமர்த்தும் தொழிற்சாலைகளும் நம்போன்ற கல்லூரிகளும், எஃப்.சி. தாளைக் கண்டு அமையாது, தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு பருவந்தோறும் பிரேக்கைப் பார்த்தல் வேண்டும்.

சான்றில் இடும் கையொப்பம் ஓர் அமானிதம். முன்பின் அறியாதோரின் உயிர் அதில் ஒப்படைக்கப்பட்டுள்ளது. மாணவச் செல்வங்களே, வண்டியில் ஏறுமுன், "பிரேக் பார்த்தீர்களா, அண்ணே?" என்று கேட்கக் கூசாதீர்கள். அக்கேள்வியை எவரேனும் முட்டுக்கட்டை என்று இகழ்ந்தால், அப்பெயரைப் பெருமையுடன் ஏற்றுக்கொள்ளுங்கள்.