மொழிக்கு மூளையில் இரண்டே அறைகளா?

மூளையின் இடப்பக்கத்தில் நெற்றியோரம் உள்ள ப்ரோகா பகுதி பேச வைக்கிறது. காதுக்குச் சற்று மேலே, பின்புறமாக உள்ள வெர்னிக்கே பகுதி புரிய வைக்கிறது. 1861இலும் 1874இலும் உருவான இந்தக் கருத்து இன்றும் பல பாடநூல்களில் அப்படியே இருக்கிறது. ஆனால் அதன் கூற்றுகள் ஒவ்வொன்றும் சோதனையில் ஆட்டங்கண்டுவிட்டன.

கூற்று 1: ப்ரோகா பகுதி சிதைந்தால் பேச்சு போய்விடும்.

இதற்கு மூலச் சான்று, பாரிஸ் பிசேத்ர் மருத்துவமனையில் 21 ஆண்டுகள் இருந்த லெபோர்ன். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பதே அவர் பதில். 1861இல் அவர் இறந்ததும் மூளையைப் பார்த்த பால் ப்ரோகா, இடது முன்மடலில் சிதைவைக் கண்டார். மூளையை வெட்டாமல் பாதுகாத்து வைத்தார். 2007இல் அதே மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, சிதைவு மேற்பரப்போடு நிற்காமல், முன்மடலைப் பின்பகுதிகளோடு இணைக்கும் நரம்பிழைக் கற்றைவரை இறங்கியிருந்தது தெரிந்தது. ப்ரோகா பகுதி மட்டும் பாதிக்கப்பட்டவர்களுக்கோ, பேச்சு பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பிவிடுகிறது.

கூற்று 2: ப்ரோகா வகைப் பேச்சிழப்பில் புரிதல் பழுதுபடுவதில்லை.

1976இல் கராமாசாவும் சூரிஃபும் இதைச் சோதித்தனர். "சிறுவன் தின்னும் ஆப்பிள் சிவப்பு" போன்ற வாக்கியம் நோயாளிகளுக்குப் புரிந்தது. ஆப்பிள் சிறுவனைத் தின்னாதே! "புலி துரத்தும் சிங்கம்" போன்றவற்றில் தடுமாறினர். துரத்துவது எது என்பதை இலக்கணம்தான் சொல்ல வேண்டும். தமிழில் "புலியைத் துரத்தும் சிங்கம்" என்று ஓர் 'ஐ' சேர்ந்தாலே பொருள் தலைகீழாகிவிடும். சொற்களை வைத்து ஊகித்ததே அதுவரை புரிதல்போலத் தோன்றியது.

கூற்று 3: சொற்பொருள் வெர்னிக்கே பகுதியில் இருக்கிறது.

மொழித்திறன் படிப்படியாகத் தேயும் நோயாளிகளை ஆராய்ந்து 2015இல் மெசுலாம் குழுவினர் வெளியிட்ட முடிவு வேறு: அப்பகுதி மெலிந்தும் பலருக்குத் தனிச்சொற்களின் பொருள் புரிந்தது. பொட்டுமடலின் முன்முனை மெலிந்தவர்களே சொற்பொருளை இழந்தனர்.

கூற்று 4: மொழி முழுவதும் இடப்பக்க வேலை.

வலக்கைக்காரர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு மொழியில் இடப்பக்கமே முன்னிற்கிறது. ஆயினும் "வந்துட்டியா?" என்பதில் மகிழ்ச்சியா கோபமா என்று குரலிலிருந்து அறிவதில் வலப்பக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பிறந்தவுடன் இடப்பக்கம் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பலர், வலப்பக்கத்தின் துணையோடு பேசக் கற்கின்றனர்.

மொழி, தொலைவான பல பகுதிகளும் அவற்றை இணைக்கும் இழைகளும் சேர்ந்து செய்யும் வேலை. பக்கவாதத்தில் பேச்சிழந்தவருக்கு எல்லாம் புரிகிறது என்றோ, எதுவுமே புரியாது என்றோ முடிவுகட்டுவது தவறு. பேசுதல், புரிதல், படித்தல், எழுதுதல் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.