வீட்டுக்காரர் கையெழுத்தை எந்தச் சட்டம் கேட்கிறது?

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன்.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த கருக்கலைப்பு வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு குழந்தைகளின் தாய், பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். தாய்ப்பால் கொடுத்துவந்ததால் மாதவிலக்கு இல்லை, மூன்றாவது கரு தங்கியதே தெரியவில்லை. 26 வாரம். 9ஆம் தேதி அனுமதி கிடைத்தது. சிசு பிழைக்க வாய்ப்பிருக்கிறது என்று எய்ம்ஸ் மருத்துவர் எழுதியதும் வழக்கு திரும்ப வந்தது; 11ஆம் தேதி இரு நீதிபதிகளும் இரு வேறு தீர்ப்பு சொன்னார்கள். தாயிடமிருந்து பிரித்துக் கருவைத் தனி ஆளாகக் கொள்ள முடியாது என்றார் நீதிபதி நாகரத்னா. 16ஆம் தேதி தலைமை நீதிபதியின் அமர்வு அனுமதி மறுத்தது.

அந்த நிலையில் ஒரு மருத்துவர் தயங்கினால் நான் குறை சொல்லமாட்டேன். நம் சட்டத்தில் கரு தனி ஆள் அல்ல. வாரிசுரிமைச் சட்டம் கருவிலிருக்கும் பிள்ளைக்குப் பங்கு வைத்தாலும், உயிரோடு பிறந்தால்தான் அது செல்லும். இருந்தும் 26 வாரத்தில் யாருக்கும் மனசு கேட்காது. ஆனால் எட்டாவது வாரத்தில் வந்த பெண்ணையும் அந்தக் கட்டம் வரை தள்ளிக்கொண்டு போகிறோமே, அதுதான் என் ஆதங்கம்.

பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்கும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனதே தாமதமாகத்தான் உறைக்கும். ஒன்றரை ஷிப்ட், ஷிப்மெண்ட் நெருங்கினால் அதற்கு மேலும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு பரிசோதனை செய்து பார்த்து, திங்கள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தால் கேட்கும் முதல் கேள்வி, "வூட்டுக்காரர் வந்திருக்காரா?" அவர் ஒடிசாவில் இருக்கலாம். இரண்டு வருடம் முன்பே விட்டுப் போயிருக்கலாம். கல்யாணமே ஆகாதவளாகவும் இருக்கலாம். "கூட்டிட்டு வாம்மா, கையெழுத்து வேணும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த லீவுக்குள் மாத்திரையில் முடிகிற ஒன்பது வாரம் போய்விடும். 20 வாரம் தாண்டினால் இரண்டு மருத்துவர்கள் ஒப்ப வேண்டும், அதுவும் விதிகள் சொல்லும் சில பிரிவினருக்கு மட்டுமே. 24க்குப் பிறகு, கருவில் பெருங்குறை என்று மருத்துவக் குழு சொன்னாலோ, தாயின் உயிருக்கே ஆபத்து என்றாலோ ஒழிய வழியில்லை.

அந்தக் கையெழுத்தை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டப்படி, மனநலம் பாதிக்கப்படாத, 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். சம்மதப் படிவம் 'சி'யை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நிரந்தர முகவரிக்கு ஓர் இடம், இப்போது குடியிருக்கும் முகவரிக்கு ஓர் இடம். ஊர்விட்டு ஊர் வந்து லைன் வீட்டில் குடியிருக்கும் பெண்ணை அந்தப் படிவம் அப்போதே எதிர்பார்த்திருக்கிறது! கணவர் ஒப்பமிட அதில் இடமே கிடையாது. 2021 திருத்தம் 'கணவர்' என்றிருந்ததை 'துணைவர்' என்று மாற்றியது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், மணமாகாதவருக்கும் 24 வாரம் வரை உரிமை உண்டு என்றது. குடும்பத்தார் சம்மதம் கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றும் சொன்னது. நூற்பாலை விடுதிகளில் இருக்கும் சிறுமிகள் விஷயம் இன்னும் கொடிது. போக்சோ வழக்கென்றால் பெயர் வெளியே வந்துவிடும் என்று பயந்தே வாரங்களை ஓட்டுவார்கள். பெயரைச் சொல்லும்படி மருத்துவர் வற்புறுத்தத் தேவையில்லை என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள், ஐயா. கணவர் கையெழுத்து கேட்கும் மருத்துவமனை, அரசுடையதானாலும் தனியாருடையதானாலும், எழுத்தில் விளக்கம் தரட்டும். புறநோயாளிச் சீட்டு கொடுக்கும் இடத்தில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் "உங்கள் கையெழுத்து மட்டும் போதும்" என்று பலகை வையுங்கள். அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி என்று தொழிலாளர் குடியிருக்கும் பக்கமெல்லாம் அரசு மருத்துவமனையில் மாத்திரையும், அதைக் கொடுக்கப் பயிற்சி பெற்ற மருத்துவரும் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். சட்டப்படி கலைத்தவருக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்பது இங்கே பல பெண்களுக்குத் தெரியாது. அதையும் அந்தப் பலகையில் சேர்க்கச் சொல்லுங்கள்.