மாத்திரையோடு முடிந்துவிடுமா அரசின் கடமை?

ஆண்டுதோறும் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாட்களை ஒட்டி தேசிய குடற்புழு நீக்க முகாம்கள் நடைபெறுகின்றன. 1 முதல் 19 வயது வரையுள்ள அனைவருக்கும் அல்பென்டசோல் மாத்திரை வழங்கும் இத்திட்டம் 2015இல் தொடங்கியது. அந்தமானின் தலைநகரில் உள்ள ஷாதிபூரின் குழந்தைக்கும், ஜவ்வாது மலைக் குழந்தைக்கும் ஒரே மாத்திரைதான். இதை நாம் குறை கூறவில்லை. விலை மலிவான, பாதுகாப்பான மருந்து, கொடுக்கத்தான் வேண்டும். மாத்திரையை விழுங்கிய குழந்தை எந்த மண்ணில் விளையாடப் போகிறது, எந்தத் தண்ணீரில் கை கழுவப் போகிறது என்பதே நமது கேள்வி.

குடலில் வாழும் ஒரு பெண் உருளைப்புழு நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டைகள் வரை இடும். மலத்தோடு மண்ணில் கலக்கும் அவை ஈரமும் நிழலும் இருந்தால் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். மருந்து குடலில் உள்ள புழுவை வெளியேற்றும். மண்ணில் கிடக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான மதிப்பீடு இதை உறுதி செய்கிறது: சிகிச்சைக்கு முன்பிருந்த பரவலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆறே மாதங்களில் திரும்பிவிடுகிறது, ஓராண்டில் அநேகமாக முழுவதும் திரும்பிவிடுகிறது.

மழைக்குப் பஞ்சமில்லாத அந்தமானில் கோடை வந்தால் குழாய்த் தண்ணீர் முறை வைத்தே வருகிறது. தலைநகரம் முக்கியமாக நம்பியிருப்பது தானிக்காரி அணையை. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் என்ற பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்ற ஒன்றிய அரசுக்கு ஓர் அறிவிப்பு போதுமானதாக இருந்தது. தண்ணீருக்கு அந்த அவசரம் இல்லை. கிராமப்புற இந்தியா திறந்தவெளி மலங்கழித்தலிலிருந்து விடுபட்டுவிட்டதாக 2019 அக்டோபர் 2 அன்று பிரதமர் அறிவித்தார். தண்ணீர் இல்லாத கழிப்பறை எத்தனை நாள் கழிப்பறையாக இருக்கும்? சட்டமன்றம் இல்லாத இந்த யூனியன் பிரதேசத்தில் பழியைப் போட வேறொரு மாநில அரசும் கிடையாது.

மாத்திரைக்குச் சம்மதித்து கழிப்பறைக்குத் தயங்கும் இந்த மனப்போக்கு புதிதல்ல. நூறாண்டுகளுக்கு முன் இலங்கையின் தோட்டங்களில், வெறுங்காலோடு தேயிலை பறித்த தமிழ்த் தொழிலாளர்களிடையே கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை ராக்ஃபெல்லர் அறக்கட்டளை நடத்தியது. இரத்தசோகை நீங்கிய உடல் கூடுதலாக உழைக்கும் என்பதால் மருந்தைத் துரைமார் ஏற்றுக்கொண்டனர். லயன்களுக்குக் கழிப்பறை கட்டும் செலவு என்றதும் பின்வாங்கினர். புழு போனது, மீண்டும் வந்தது.

இதே தீவுக்கூட்டத்தில் நான்கௌரி தீவுகளின் கதை இன்னும் கூர்மையானது. யானைக்கால் நோயை உண்டாக்குவதும் உருளைப்புழு இனத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணியே. நாட்டின் பிற பகுதிகளில் அதன் நுண்புழு இரவில் இரத்தத்தில் மிகும். அதைப் பரப்பும் கொசுவும் இரவில் கடிக்கும். நான்கௌரியிலோ பகலில் கடிக்கும் காட்டுக் கொசு ஒன்று அதைப் பரப்புகிறது. மரப்பொந்துகளில் தேங்கும் நீரில் அது பெருகுகிறது. கொசுவலையும் வீட்டுக்குள் தெளிக்கும் மருந்தும் அங்கே பயன் தருவதில்லை. போர்ட் பிளேரில் 1983 முதல் இயங்கும் ஐசிஎம்ஆர் வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையம் இதை ஆராய்ந்து, கூட்டு மருந்து வழங்கலோடு டிஇசி மருந்து கலந்த உப்பையும் மக்களுக்குக் கொடுத்து நல்ல பலனைக் கண்டது. சீனா யானைக்காலை ஒழித்ததில் இந்த உப்புக்குப் பெரும் பங்குண்டு. அதாவது, இடத்தை அறிந்து வேலை செய்யும் பொதுத்துறை அறிவியல் நம்மிடம் இருக்கிறது. அதற்குத் தொடர்ச்சியான நிதியும் ஆட்களும்தான் வேண்டும். கிரேட் நிக்கோபாரில் 130 சதுர கிலோமீட்டர் காட்டைத் திருப்பிவிட்டு 72 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கொட்டத் துணிந்தவர்கள், பணமில்லை என்று சொல்ல முடியாது.

கால்நடைகளையும் மறந்துவிடக் கூடாது. நிக்கோபாரி மக்களின் வாழ்வில் பன்றி சொத்து, விருந்து, சடங்கு எல்லாமும் ஆகும். பன்றியின் உருளைப்புழு மனிதரையும் தொற்றக்கூடியது. நாய்க்குட்டிகளின் உருளைப்புழு குழந்தைகளின் கண்ணையே பாதிக்கக்கூடியது. பிள்ளைக்கு மாத்திரை ஒரு துறையின் வேலை, பன்றிக்கு மருந்து இன்னொரு துறையின் வேலை என்று பிரித்து வைத்தால் புழுவுக்குத்தான் வசதி.

மாத்திரையை வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பவர்கள் ஆஷா, அங்கன்வாடி ஊழியர்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஊதியம் அல்ல, ஊக்கத்தொகையும் மதிப்பூதியமும்தான். அவர்களை அரசு ஊழியர்களாக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குழாய்த் தண்ணீரும் சோப்பும் உறுதி செய்யப்பட வேண்டும். தீவுகளின் கழிவுநீர், குடிநீர்ப் பணிகளுக்குக் காலக்கெடுவோடு நிதி ஒதுக்க வேண்டும். கால்நடைக் குடற்புழு நீக்கம் மனிதருக்கான முகாம்களோடு இணைக்கப்பட வேண்டும். யானைக்கால் ஒழிப்புக்கு ஒன்றிய அரசு தானே குறித்துக்கொண்ட ஆண்டு 2027. 2015, 2017, 2021 என்று முன்பு குறித்த ஆண்டுகளெல்லாம் கடந்து போயின.