பேரணி முடிஞ்சுது... டாக்டர் என்னைக்கு வருவார்?

அக்டோபர் 10. காலை பத்து மணி வெயில். கல்லூரி மாணவர்கள் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். கையில் பதாகை, தலையில் காகிதத் தொப்பி. யாரோ கொடியசைக்கிறார்கள். 'மனநலம் காப்போம்' என்று கோஷம். அரை கிலோமீட்டர் நடை, உறுதிமொழி, குரூப் போட்டோ, ஒரு சமோசா, ஒரு டீ. முடிந்தது.

என்.எஸ்.எஸ்-ல் இருந்திருந்தால் நீங்களும் இப்படி ஒரு ஊர்வலத்தில் நடந்திருப்பீர்கள். நானும் நடந்திருக்கிறேன். எதுக்காக நடந்தோம் என்று அன்று மதியம் யாராவது கேட்டிருந்தால், 'அட்டெண்டன்ஸ்' என்றுதான் சொல்லியிருப்பேன்.

உலக மனநலக் கூட்டமைப்பு 1992-ல் தொடங்கிவைத்த நாள் இது. முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கொண்டாடுகிறோம். இப்போது நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. 'டிப்ரஷன்', 'ஆங்சைட்டி', 'பர்ன்-அவுட்' எல்லாம் ரீல்ஸில் ஓடுகிற சொற்கள். பள்ளிப் பிள்ளைகூட 'எனக்கு ஸ்ட்ரெஸ்' என்கிறது. அதனால், இந்தக் கட்டுரையில் விழிப்புணர்வு தேவை என்று உங்களுக்கு வகுப்பெடுக்கப் போவதில்லை. வேறு ஒரு கேள்வி இருக்கிறது.

கீழ்பென்னாத்தூரை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற ரோட்டில், சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிற பேரூராட்சி. சுற்றிலும் நெல்லும் மணிலாவும் விளைகிற கிராமங்கள். அங்கே அந்த அக்டோபர் 10 ஊர்வலத்தில் ஒரு பெண் நடக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயசு இருபது. மூணு மாசமாக ராத்திரி தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதற்கென்று தெரியாமல் அழுகை வருகிறது. மேடையில் பேசியவர் சொன்ன அறிகுறிகளை விரல்விட்டு எண்ணுகிறாள். எல்லாம் பொருந்துகிறது. 'சரி, இன்னைக்காவது யார்கிட்டயாவது சொல்லிடுவோம்' என்று முடிவெடுக்கிறாள்.

இப்போது அவள் எங்கே போக வேண்டும்? பேனரில் விருந்தினர்களின் படம் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் பட்டங்களும் இருக்கின்றன. மனநல மருத்துவர் எந்தக் கிழமை, எந்த மருத்துவமனைக்கு, எத்தனை மணிக்கு வருவார் என்பது மட்டும் இல்லை.

தெரியாததா பிரச்னை?

2015-16-ல் பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் தேசிய மனநல ஆய்வு ஒன்றை நடத்தியது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில், சுமார் 35,000 பெரியவர்களிடம் எடுத்த ஆய்வு. வயதுவந்தவர்களில் 10.6 சதவிகிதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்னை அப்போதே இருந்தது. ஊர்வலத்தில் நூறு பேர் நடந்தால் அதில் பத்துப் பேர்! இதைவிட உறுத்துகிற எண் அதே ஆய்வில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவிகிதம் வரை.

இந்த இடைவெளிக்கு அறியாமை ஒரு காரணம்தான். 'பைத்தியம்னு சொல்லிடுவாங்க' என்ற பயம் இன்னொரு காரணம். ஆனால் தூரம், பஸ், கூலி போகிற ஒரு நாள், வீட்டில் சொல்ல வேண்டிய சாக்கு... இவையும் காரணங்கள்தான். ஊர்வலத்தால் முதல் இரண்டைக் கொஞ்சம் அசைக்க முடியும். மிச்சத்தைத் தொடக்கூட முடியாது.

ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் இருக்கிறார். அவரிடம் சிகிச்சை பெற்று வந்த ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டார். ஏன் முன்பே அழைத்து வரவில்லை என்று தாயிடம் கேட்டபோது வந்த பதில், பஸ்ஸுக்கு 15 டாலர் இல்லை என்பது. அந்தப் பதில்தான் சிபாண்டாவைத் திருப்பிப்போட்டது. மக்கள் மருத்துவரிடம் வர முடியாது என்றால், பேசுகிற இடத்தை மக்களிடம் கொண்டுபோவோம் என்று 2006-ல் 14 பாட்டிமார்களோடு தொடங்கினார். சுகாதார நிலைய வாசலில் ஒரு மர பெஞ்ச், அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி. அவ்வளவுதான். அந்தப் பாட்டிகள் 'டிப்ரஷன்' என்று சொல்வதில்லை. உள்ளூர் மொழியில் 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்ற பொருள் தருகிற சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். நம் ஊர்ப் பாட்டிகளும் 'புள்ள ரொம்ப யோசனை பண்ணுது' என்றுதானே சொல்வார்கள்? இந்த முறையை முறையாகச் சோதித்து, 2016-ல் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் நன்றாகவே குறைந்திருந்தன.

தமிழ்நாட்டில் பெண்களுக்கு நகரப் பேருந்துகளில் 2021-லிருந்து கட்டணம் இல்லை. ஆக, கீழ்பென்னாத்தூர் பெண்ணுக்கு பஸ் காசு பெரிய தடையாக இருக்காது. 'எங்க போற?' என்று வாசலில் நிற்கிற கேள்விதான் தடை.

கோயிலுக்குப் போறேன்னு சொன்னா...

இந்தக் கேள்விக்கு யாரும் மறுபேச்சு பேசாத பதில் ஒன்று உண்டு. 'கோயிலுக்கு'. அதுவும் திருவண்ணாமலை மாவட்டத்தில், 'பௌர்ணமிக்கு மலை சுத்தப் போறேன்' என்றால் அதற்கு மேல் விசாரணையே கிடையாது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். அதில் வேண்டுதலுக்காக நடப்பவர்கள் எத்தனை பேர், வீட்டில் அழ இடமில்லாமல் நடப்பவர்கள் எத்தனை பேர் என்று யார் கண்டது?

இந்தப் பக்கத்து ஊர்களில் பாரதம் நடக்கும். திரௌபதி அம்மன் கோயில் வாசலில் நாள்கணக்கில் பாரதம் படிப்பார்கள், ராத்திரியெல்லாம் கூத்து. கடைசியில் துரியோதனன் படுகளம். மண்ணால் பிரமாண்டமாகச் செய்து படுக்கவைத்த துரியோதனனைச் சுற்றி ஒப்பாரி நடக்கும். ஒருமுறையாவது பார்த்திருந்தால் உங்களுக்குப் புரியும். அங்கே அழுகிற பெண்கள் எல்லோரும் துரியோதனனுக்காகத்தான் அழுகிறார்கள் என்று சொல்ல முடியாது. ஊர் கூடி அழுவதற்கு நாம் ஏற்கெனவே இடம் வைத்திருந்தோம். அதற்கு 'மெண்டல் ஹெல்த் ஈவென்ட்' என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

'அப்ப கோயிலே போதும், டாக்டர் எதுக்கு?' என்று கேட்கத் தோன்றுகிறதா? அவசரப்படாதீர்கள். இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். திண்டுக்கல் மாவட்டம் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை மருத்துவர் ரகுராமும் அவருடைய குழுவும் ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தீவிர மனநோய். கோயிலில் தனிப்பட்ட சிகிச்சைச் சடங்கு எதுவும் இல்லை. உறவினரோடு தங்கி, சின்னச் சின்ன வேலை செய்து, பூஜையில் கலந்துகொள்வார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களுக்கு அறிகுறிகளின் அளவு கிட்டத்தட்ட 20 சதவிகிதம் குறைந்திருந்தது. 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு இது. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. ஆனால், யாரும் துரத்தாத, யாரும் கேலி செய்யாத ஓர் இடத்துக்கே அவ்வளவு பலன் இருக்கலாம் என்று அது காட்டியது.

அதற்கு முந்தைய வருஷம்தான் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடிகிற நேரம். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். மனநலம் பாதிக்கப்பட்டவரைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏர்வாடி இருக்கிறது.

ஆக, நம்பிக்கை ஆளைக் கூட்டிவரும். ஆனால், வந்த இடத்தில் மருந்தும் மருத்துவரும் சட்டமும் இருக்க வேண்டும். குஜராத்தில் உனாவா என்ற ஊரில், மீரா தாத்தார் தர்காவிலேயே மனநல மருத்துவரை உட்காரவைத்தார்கள். 'தவா'வும் உண்டு, 'துவா'வும் உண்டு. அதாவது மருந்தும் பிரார்த்தனையும். தர்காவில் இருப்பவர்களே 'ஓதிக்கலாம், அப்படியே டாக்டரையும் பார்த்துடுங்க' என்று அனுப்புகிறார்கள். இதே யோசனை பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. எனக்கு இதில் பிடித்தது, யாரிடமும் அவர்கள் சாமியை விட்டுவரச் சொல்லவில்லை என்பது.

நாடகமும் மாத்திரையும் ஒரே வண்டியில்

சரி, கோயிலே வேண்டாம், ஊர்ப் பொது இடத்தில் செய்வோம் என்றால்? அதற்கும் முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' அமைப்பு, 2010 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள் ஒரு ஆலோசனை அறை. அதில் திரை. திரையில் சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர். பேசி முடித்ததும் அவர் எழுதும் மாத்திரை அதே பஸ்ஸில் இருக்கிற மருந்தகத்தில் இலவசமாகக் கிடைக்கும். விழிப்புணர்வு நிகழ்ச்சிகளும் அந்தக் கிராமங்களில் நடந்தன. வித்தியாசம் என்னவென்றால், நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு 'எங்க அண்ணனுக்கும் இப்படித்தாங்க' என்று ஒருவர் எழுந்தால், அவருக்குப் போக இடம் இருந்தது. அடுத்த முறை பஸ் எப்போது வரும் என்று சொல்ல உள்ளூர்ப் பணியாளரும் இருந்தார்.

அரசிடம் இதற்கான ஏற்பாடு இல்லையா என்றால், இருக்கிறது. அதுதான் ஆதங்கமே. மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, அதில் ஒன்று நம் திருச்சி. இன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களுக்கும் அந்தத் திட்டம் உண்டு. அதன்படி மனநலக் குழு தாலுகா அளவிலான மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாள்களில் வந்து பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை கேட்பது 2017 சட்டப்படி உங்கள் உரிமை, சலுகை அல்ல. திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. ஆனால், அந்தக் குழு நம் ஊருக்கு வரும் நாள் எது என்று உங்கள் தெருவில் பத்துப் பேரிடம் கேட்டுப்பாருங்களேன். சந்தை என்னைக்கு, பிரதோஷம் என்னைக்கு, கரன்ட் கட் என்னைக்கு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு உதாரணமும் சொல்ல வேண்டும். இதில் ஊர்வலமே கிடையாது. பிளஸ் டூ-வில் ஃபெயிலானால் ஒரு வருஷம் போச்சு என்ற நிலை ஒரு காலத்தில் இருந்தது. ரிசல்ட் வருகிற வாரத்தில் பிள்ளைகளை இழந்துகொண்டிருந்தோம். தற்கொலைத் தடுப்புக்காக 1986-ல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய 'சிநேகா' அமைப்பு, தோற்றவர்கள் உடனே மறுபடி எழுத வழி வேண்டும் என்று தொடர்ந்து குரல் கொடுத்தது. 2000-களின் தொடக்கத்தில் துணைத் தேர்வு வந்தது. அந்த வருஷமே காலேஜில் சேர முடிந்தது. 'தைரியமா இரு' என்று ஆயிரம் பேனர் கட்டினாலும் ஒரு மாணவனுக்குக் கிடைக்காத ஆறுதலை ஒரு தேர்வு அட்டவணை கொடுத்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஊர்வலமே வேஸ்ட் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். கூட்டத்தில் நடக்கும்போது 'நமக்கு மட்டும் இல்லபோல' என்று ஒருவருக்குத் தோன்றினால் அதுவே பெரிசு. ஆனால், அப்படித் தோன்றிய ஒருவரை டீ கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது நியாயமில்லை. மனசைத் திறக்கச் சொல்லிவிட்டு நாம் மட்டும் கலைந்துபோனால், அடுத்த தடவை அவர் சொல்லாமலேயே இருந்துவிடுவார்.

உங்கள் கல்லூரியிலோ, ஊர் இளைஞர் மன்றத்திலோ அடுத்த நிகழ்ச்சிக்கு பேனர் அடிக்கிற பொறுப்பு உங்கள் கைக்கு வரலாம். டிசைன் அனுப்பும் முன்பு ஒரு போன் செய்யுங்கள். அரசு மருத்துவமனைக்கோ, மாவட்ட மனநலத் திட்ட அலுவலகத்துக்கோ. என்னைக்கு வர்றாங்க, எந்த அறை, எத்தனை மணி வரைக்கும். அதைப் படங்களைவிடப் பெரிய எழுத்தில் போடுங்கள். முடிந்தால் மருத்துவர் வருகிற நாளிலேயே நிகழ்ச்சியை வையுங்கள், மருத்துவமனை வாசலிலேயே. அக்டோபர் 10-தான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவருகிற அக்காவுக்கும் அந்தத் தேதியைச் சொல்லிவையுங்கள். எந்த வீட்டில் யார் தூங்கவில்லை என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அதுவரைக்கும், அந்தப் பேனரில் கட்டாயம் இருக்க வேண்டிய இன்னொன்று 14416. மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண். 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. 24 மணி நேரமும் கிடைக்கும், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணுக்கும் அழைக்கலாம். அடுத்தவருக்கு ஃபார்வர்டு பண்ணுவதற்கு முன்னால், உங்கள் போனில் ஒருமுறை சேமித்துவிடுங்கள்.