சீருடை அணியாத அக்கா



நம் பத்திரிகை அலுவலகம் இருக்கும் பகுதியின் காவல் நிலையத்தில் சென்ற மாதம் ஒரு பணி நிறைவு விழா. பந்தலும் மைக்கும் இல்லை. காலையில் ரோல் கால் முடிந்ததும் யாரும் கலையாமல் அப்படியே நின்றார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நிலையத்தைக் கூட்டிப் பெருக்கிய அக்காவைத் தன் நாற்காலியில் உட்காரச் சொன்னார் ஆய்வாளர். அவர் மாட்டவே மாட்டேன் என்றார். இரண்டு பெண் காவலர்கள் தோளைப் பிடித்து உட்காரவைத்த பிறகுதான் பொன்னாடை போர்த்த முடிந்தது.

காகிதத்தில் அவர் பகுதிநேரத் தூய்மைப் பணியாளர். ஆனால் விடியுமுன் வந்து லாக்கப் தரையையும் கழிப்பறையையும் கழுவிவிட்டால் வேலை முடிந்துவிடாது. குடிதண்ணீர் பிடிப்பது, ஆயுத பூஜைக்கு ஜீப்பிலிருந்து துப்பாக்கி வரை சந்தனம் குங்குமம் வைப்பது, வளாகத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் வழக்கு வண்டிகளில் தேங்கும் மழைத்தண்ணீரைக் கொசு வருமுன் கொட்டுவது எல்லாமே அவர் பொறுப்பு. ஆய்வாளர்கள் மாறுதலில் வந்தார்கள், போனார்கள். எந்தப் பழைய பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று புதிதாக வரும் ரைட்டர்கள் இவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

அவரைப் பற்றி நான் எழுத நினைத்ததற்குக் காரணம் வேறு. தமிழகக் காவல்துறையில் பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்தது 1973-இல். ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள். மாநிலம் முழுமைக்கும் அவ்வளவுதான். முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் 1992-இல்தான் வந்தது. அக்கா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நம் பேட்டை நிலையத்துக்குப் பெண் காவலர் எவரும் வந்திருக்கவில்லை. கணவனிடம் அடிபட்டு வந்தவளுக்கும், மகளைக் காணோம் என்று ஓடிவந்த தாய்க்கும் அங்கே தென்பட்ட ஒரே பெண்முகம், துடைப்பத்தோடு நின்ற இவருடையதுதான்.

“பயப்படாத கண்ணு, மொதல்ல தண்ணி குடி. ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்காரு, வந்துருவாரு” என்பாராம். இதைச் சொல்லும்போது, அன்று அப்படி வந்து நின்ற ஒரு பெண்மணி அதே வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எதிர்க்கடைப் பையனைக் கூப்பிட்டு எழுதவைத்ததும் இவர்தான். கொடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்களிடம், “வெறுங்கையோட போகாத, சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிட்டுப் போ” என்று நினைவூட்டுவார். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி அது. எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-ஆவது பிரிவில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் 173-ஆவது பிரிவில் இருக்கிறது. பிரிவு எண் எதுவும் அக்காவுக்குத் தெரியாது. கேட்டு வாங்க வேண்டும் என்பது மட்டும் தெரியும், அதை எங்கள் தெருப் பெண்கள் பலருக்குக் கற்றுக்கொடுத்தார். படித்த நம்மில் எத்தனை பேர் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதைச் சொல்லியிருக்கிறோம்?

விழா முடிந்து அவரை ஜீப்பிலேயே வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். தெருவில் போலீஸ் வண்டி நின்றதும் என்னவோ ஏதோ என்று கதவைத் திறந்தவர்கள், மாலையோடு அவர் இறங்குவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். அந்த நிலையத்துக் காவலர்களுக்கு நம் மனமார்ந்த நன்றி.

ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுத வேண்டியிருக்கிறது. அக்கா கடைசி மாதம் வரை வாங்கியது தொகுப்பூதியம். காலமுறை ஊதியத்தில் இருந்து ஓய்வு பெறுகிறவர்களைப் போல மாதாமாதம் ஓய்வூதியம் அவருக்கு வராது. அடுத்த வாரமே ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கும் வேலை கேட்டுப் போயிருக்கிறார், இந்த வயதில். பொன்னாடை போர்த்திய அதே துறை, இவரைப் போன்றவர்களைக் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவரப் பரிந்துரைக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தின் வழியாகக் கேட்கிறேன். உங்கள் பகுதிக் காவல் நிலையத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரைப் பற்றி எழுதி அனுப்புங்கள், அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்